மீரானின் மூக்கும் ஒரு நோன்பு மாதமும்

மூக்கு ஒழுகுவதைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "வேலை பார்த்த காலமெல்லாம் அதைத்தானே பாத்த, இன்னும் பத்தலையா?" என்றார். பத்தவில்லை. போன மாதம் ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர், "அண்ணாச்சி, தும்மலுக்கு ஒண்ணு குடுங்க" என்றார். கடைக்காரர் அவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. மாத்திரை அட்டையில் ஒரு துண்டைக் கத்தரித்தார், கூடவே மூக்குச் சொட்டு மருந்து ஒரு புட்டியையும் வைத்தார். வாங்கியவர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். வண்டி வெளியே நின்றது. அந்த மாத்திரை எதுவென்று எனக்குத் தெரியும். போட்டால் கண் சொருகும்.

நான் வாயை மூடிக்கொண்டு போகிற ஆள் இல்லை. "தம்பி, இதைப் போட்டுட்டு வண்டி எடுக்காதீங்க" என்றேன். கடைக்காரருக்குச் சுருக்கென்றது. "டாக்டரம்மா, நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்கல்லா" என்றார்.

ஆகிவிட்டேன்தான். தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் நரைக்கும்வரை இருந்துவிட்டு வெளியே வந்தேன். இப்போது அங்கே இருக்கும் இளம் மருத்துவர்கள் மருத்துவமனையின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். பெரிய அறுவை சிகிச்சை எதையாவது எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் தும்மலைப் பற்றித்தான் எழுதுவேன். தும்மலால் யாரும் சாவதில்லை என்று நினைக்கிற மருத்துவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

எனக்கு ஊர் ஆறுமுகநேரி. அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. உப்பளத்து ஓரமெல்லாம் சீமை உடைமரம், அதாவது சீமைக் கருவேலம், மண்டிக் கிடக்கும். மாசி, பங்குனியில் அது மஞ்சள் மஞ்சளாகப் பூத்ததும் எனக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். வீட்டில் மிளகாய் வற்றல் மூட்டையைக் குற்றம் சொன்னார்கள். உப்புத் தூசி என்றார்கள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு அலைகிறாள் என்று திட்டினார்கள். மரத்தை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. மருத்துவம் படித்தபோதும் இந்த நோய்க்குப் பாடத்தில் கொஞ்ச இடம்தான் இருந்தது. படித்து, பரீட்சை எழுதி, தேறி, வேலைக்கு வந்தேன். மற்றதை நம்பிராஜன் சாரிடம்தான் கற்றேன்.

அவர் எங்கள் பிரிவின் தலைவர். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து நெல்விவசாயக் குடும்பம். உயரமான ஆள், மெதுவான பேச்சு. வெளிநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நின்றாலும் அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. மூக்கு ஒவ்வாமை என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால் பேனாவை மூடி வைத்துவிடுவார். நாலு கேள்வி கேட்பார். மூக்கு ஒழுகுதா, தும்மல் வருதா, அரிக்குதா, அடைக்குதா? ஒவ்வொன்றுக்கும் அவர்கள் விரலைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் விரல் வேண்டாம், தாங்க முடியாது என்றால் மூன்று விரல். உப்பளத்துத் தொழிலாளியும் கல்லூரிப் பேராசிரியரும் அவர் முன்னால் விரலை நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். எந்தத் தொல்லைக்கு விரல் அதிகமோ, அதற்கான மருந்தைத்தான் எழுதுவார்.

இன்னொரு பிடிவாதமும் அவருக்கு உண்டு. ஒரு நேரத்தில் ஒரு மருந்தைத்தான் மாற்றுவார். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வரச்சொல்லி, திரும்பவும் விரலைக் காட்டச் சொல்வார். "ரெண்டையும் சேர்த்துக் குடுத்துட்டு எது கேட்டுச்சுன்னு யார்ட்டம்மா போயிக் கேப்ப?" என்பார்.

நான் சேர்ந்த முதல் மாசியிலேயே அவர் முன்னால் அடுக்கடுக்காகத் தும்மி மாட்டிக்கொண்டேன். அப்போது நான் போட்டுக்கொண்டிருந்தது குளோர்பெனிரமின். பழைய மாத்திரை, விலை மலிவு. தும்மலும் ஒழுகலும் அரை மணியில் நின்றுவிடும். ஆனால் அன்று அறுவை அரங்கில் சாருக்கு எதிரே, வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், நின்றபடியே தூங்கிப் போனேன். கொக்கி நழுவவில்லை, அதுவரைக்கும் என் அதிர்ஷ்டம். சார் நர்ஸைப் பார்த்து, "மூக்கு நின்னுட்டு. டாக்டரும் நின்னுக்கிட்டே ஒறங்குதாங்க" என்றார். அரங்கில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்தது.

அன்றைக்கு மாலையே என்னை நோயாளி நாற்காலியில் உட்கார வைத்தார். அந்தப் பருவம் முழுவதும் ஒவ்வொரு மருந்தாக எனக்குத் தந்து பார்த்தார். முதலில் செட்ரிசின். தூக்கக் கலக்கம் பாதியாகக் குறைந்தது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் கண் கனக்கும். தும்மலுக்கு மூன்று விரல் காட்டியவள் ஒரு விரலுக்கு வந்தேன். அடைப்பு அப்படியே இருந்தது. பிறகு தூக்கம் தராத பெக்ஸோபெனடின். மண்டை தெளிவாக இருந்தது, ஆனால் இரவில் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்கினேன். கடைசியில் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தந்தார். மூன்றாம் நாளே அவரிடம் போய், "இது ஒண்ணும் கேக்கல சார்" என்றேன்.

"நெல்ல வெதச்சுட்டு மூணாம் நாளே அரிவாளத் தூக்கிட்டுப் போவியாம்மா?" என்று கேட்டார். "தெனமும் அடி. தும்மல் இல்லாத அன்னைக்கும் அடி."

பிறகு அடித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். நான் மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து அடித்துவிட்டு, பொடி போடுகிறவரைப் போல உறிஞ்சியிருந்தேன். மருந்து தொண்டைக்குப் போயிருந்தது. வலது கையால் இடது மூக்கில் வைக்க வேண்டும், இடது கையால் வலது மூக்கில். குழல் முனை கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்க வேண்டும். தலையைக் கொஞ்சம் குனிய வேண்டும். உறிஞ்சக் கூடாது, சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். டாக்டர் பட்டம் வாங்கிய எனக்கே ஒருவர் காட்டித்தர வேண்டியிருந்தது. இரண்டு வாரம் கழித்து எந்தக் கேள்விக்கும் நான் விரலை நீட்டவில்லை. உடைமரம் பூத்துக் குலுங்கிய மாதத்தில், பிறந்ததிலிருந்து முதல்முறையாக, மூக்கு வழியாக மூச்சுவிட்டுத் தூங்கினேன். அந்த நாளிலிருந்து இந்த மருந்துகளைப் பற்றி யார் அலட்சியமாகப் பேசினாலும் எனக்குக் கோபம் வரும்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் ஊரில் எழுந்து போய்விடுவார்கள். உடம்பு ஊதிவிடும், பிள்ளை பிறக்காது, என்னென்னவோ சொல்வார்கள். மூக்கில் அடிக்கும் அளவு மிகக் குறைவு, பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடுகிறது, சிலருக்கு மூக்கு வறண்டு லேசாக ரத்தம் வரலாம் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்தது. ஆனால் நான் வேலைக்காலம் முழுவதும் மல்லுக்கட்டிய எதிரி அந்தப் பயம் இல்லை. சொட்டு மருந்துதான். சைலோமெட்டாசோலின். விட்ட ஐந்து நிமிடத்தில் மூக்கு பளிச்சென்று திறந்துவிடும். சில நாளைக்கு நல்ல மருந்து. அதற்கு மேல் போனால், மருந்து இறங்கும்போது மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். அடைத்தால் திரும்பச் சொட்டு. பிறகு சொட்டு இல்லாமல் மூச்சே கிடையாது. ஐந்து நிமிடத்தில் வேலை செய்கிற மருந்துக்கு முன்னால், இரண்டு வாரம் பொறு என்கிற மருந்தை எப்படி விற்பது?

மீரான் என்னிடம் வந்தது என் வேலைக்காலத்தின் கடைசி ஆண்டுகளில். சங்கு குளிக்கிறவர், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற தொழில். முப்பது வயது தாண்டியிருக்கும். மாசி மாதம், காலையில், மனைவி ஆமினாவோடு வந்தார். மூக்கில் ரத்தம் காய்ந்திருந்தது. வலது காதைப் பொத்திக்கொண்டு, நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தார்.

முந்தைய நாள் கடலில் நடந்ததை அவர் சொன்னார். வள்ளத்தில் உள்ள கம்ப்ரசரிலிருந்து ஓஸ் குழாய் வழியாக வரும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு கீழே சங்கு பொறுக்குவார்கள். இறங்கும்போது மூக்கைப் பிடித்துக் காதுக்குள் காற்றை ஊதிக்கொண்டே இறங்க வேண்டும். மூக்கு அடைத்திருந்தால் காற்று காதுக்குப் போகாது. அதனால் இறங்குவதற்கு முன் சொட்டு விட்டுக்கொள்வார்கள். வள்ளத்தில் குடிதண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் ஒரு புட்டி எப்போதும் கிடக்குமாம், எல்லோருக்கும் பொதுவாக.

"எறங்கயில ஒரு பிரச்சினையும் இல்ல டாக்டரம்மா. சங்கும் கெடச்சுச்சு. மேல வாரப்பதான் வலது காதுக்குள்ள ஊசி ஏத்துன மாதிரி இருந்துச்சு. தல சுத்துது. எது மேல எது கீழன்னு தெரியல. கூட்டாளி ஓஸப் புடிச்சு இழுத்ததுலதான் மேல வந்தேன்."

ஆமினா தன் கைப்பையைத் திறந்தாள். "இந்தப் புட்டி இல்லாம இவங்க படுக்க மாட்டாங்க. ராவுல ரெண்டு தடவ எந்திரிச்சு விடுதாங்க" என்று பையிலிருந்து அதை எடுத்து மேசையில் வைத்தாள்.

விளக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஒவ்வாமை மூக்கு உள்ளே வெளிறி, ஊதி, நீர் கோத்து இருக்கும். இது அப்படி இல்லை. புண் போலச் சிவந்து வீங்கியிருந்தது. ஒவ்வாமைக்கு மேல் சொட்டு மருந்து செய்த வேலை. காதுக்குள் பார்த்தேன். வலது செவிப்பறைக்குப் பின்னால் ரத்தம் கருநீலமாகத் தேங்கியிருந்தது. கிழியவில்லை. கீழே இருக்கும்போதே சொட்டின் வேகம் இறங்கி, மூக்குக்கும் காதுக்கும் நடுவிலுள்ள குழாய் மூடிக்கொண்டது. மேலே வரவர உள்ளே அடைபட்ட காற்று விரிந்து, வெளியேற வழி இல்லாமல் காதைப் போட்டு அழுத்தியிருக்கிறது. கூட்டாளி மட்டும் ஓஸைப் பிடித்திருக்காவிட்டால் ஆமினா இவரோடு என்னிடம் வந்திருக்க மாட்டாள்.

"இந்தக் காது ஆறுறவரை தண்ணிக்குள்ள எறங்கக் கூடாது. சொட்டையும் நிப்பாட்டணும். தெனமும் ஸ்பிரே அடிக்கணும்" என்றேன்.

"அது போன வருசமே ஒரு டாக்டர் குடுத்தாரு. எறங்குறதுக்கு முன்னாடி அடிச்சேன். ஒண்ணும் தொறக்கல. கடல்ல எறிஞ்சுட்டேன்" என்றார் மீரான்.

சிரிப்பு வந்தது எனக்கு. ஸ்பிரேயைச் சொட்டு போல, கடலுக்குப் போகிற அன்றைக்கு மட்டும், வள்ளத்தில் நின்றுகொண்டு அடித்திருக்கிறார். அந்த மருந்தை நம்பாமல் போனது அவர் குற்றமே இல்லை. ஆனால் அவருக்கு அவகாசம் இல்லை. வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, பெருநாள் முடிந்ததும் ஆள் எடுப்பார். அன்றைக்கு இறங்க முடியாதவருடைய இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். மீரானுக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. "காது போனாலும் எறங்குவேன். அத விட்டா நான் என்ன செய்ய?" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். சும்மா மிரட்டலுக்குச் சொல்லவில்லை. செய்துவிடுவார் என்று தெரிந்தது.

அப்போது ஆமினாதான் வழி காட்டினாள். "நோன்பு வருதுல்லா டாக்டரம்மா. நோன்பு மாசம் இவங்க செட்டு ஆளுக யாரும் சங்கு குளிக்கப் போக மாட்டாங்க. பகல்ல மூக்குல சொட்டும் விட மாட்டாங்க. தொண்டைக்குள்ள எறங்குனா நோன்பு முறிஞ்சிரும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எந்த மருத்துவரும் வாங்கித் தர முடியாத ஒரு மாதம், கடல் இல்லாமல், பகலில் சொட்டு இல்லாமல், தானாக வந்து நிற்கிறது. "தம்பி, பகலுக்கு நீங்க பொறுப்பு. ராத்திரிக்கு என்ன செய்யணும்னு நான் சொல்லுதேன், அப்படியே செய்யணும்" என்றேன்.

சாரின் விதிப்படி ஒவ்வொன்றாகத்தான் மாற்றினேன். நோன்பு தொடங்குவதற்கு முன்பே ஸ்பிரேயை ஆரம்பித்தேன். என் முன்னாலேயே அடித்துக் காட்ட வைத்தேன். நோன்பு வந்ததும் அதை இரவுத் தொழுகை முடிந்து வந்த பிறகு அடிக்கச் சொன்னேன். கொதித்து ஆறிய உப்புத்தண்ணீரால் மூக்கைக் கழுவுவதும் இரவில்தான். தும்மலும் அரிப்பும் இன்னும் இருந்ததால், அடுத்த சுற்றில், விடியலுக்கு முந்தைய ஸஹர் சாப்பாட்டோடு தூக்கம் தராத மாத்திரை ஒன்றைச் சேர்த்தேன். சொட்டை ஒரே நாளில் நிறுத்தவில்லை. முதலில் இடது மூக்குக்கு மட்டும் அறவே கிடையாது. வலது மூக்குக்கு இரவில் ஒருமுறை விட்டுக்கொள்ளலாம். ஒரு பக்கம் திறந்திருந்தால் மனிதன் தாக்குப்பிடிப்பான்.

"இடது மூக்குக்கு ராவும் சேர்த்து நோன்பா?" என்றார் மீரான். முதல்முறையாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு நெடுநாள் நிற்கவில்லை. முதல் வாரம் அவர் வந்தபோது கண் குழி விழுந்திருந்தது. இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாராம். "பகல்ல பசி ஒண்ணுமே இல்ல டாக்டரம்மா. ராவுலதான் கொல்லுது. கையில எடுத்தா அஞ்சு நிமிசத்துல மூச்சு வரும்னு தெரியுதுல்லா. அதான்."

"எடுத்தீங்களா?"

"தேடுனேன். இவ ஒளிச்சு வச்சுட்டா."

"அரிசிப் பானையப் பாத்தாங்க, அலமாரியப் பாத்தாங்க" என்றாள் ஆமினா. "நான் புட்டிய எங்க உம்மா வீட்டுக்கே குடுத்து விட்டுட்டேன். வலது மூக்குக்கு மட்டும் தெனமும் ராவுல போயி விட்டுட்டு வாராங்க, மாமியா முன்னாடி." மீரான் தலையைக் குனிந்துகொண்டார். அவளை அந்த இடத்திலேயே கட்டிப்பிடிக்க வேண்டும் போல எனக்கு இருந்தது.

மாற்றம் வந்ததை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்யும்போது மூக்கில் தண்ணீர் ஏற்றிச் சிந்த வேண்டும். நோன்பில் அதை மெதுவாகச் செய்வார்கள். ஒரு நாள் மதியம் பள்ளிவாசல் ஹவுள் தொட்டியில் கை ஏந்தித் தண்ணீரை ஏற்றியபோது இடது மூக்கில் அது தடையில்லாமல் போய்விட்டது. பதறிப்போய் உடனே சிந்தியிருக்கிறார். தொண்டைக்கு இறங்கிவிட்டதோ என்று பயம். மார்க்கம் படித்த ஆலிமிடம் ஓடிப்போய்க் கேட்டு, ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் அவருக்குச் சந்தோஷமே வந்ததாம். மறுநாள் என்னிடம் வந்து, நான் கேட்பதற்கு முன்பே, "எடப்பக்கம் தொறந்துட்டு" என்றார். விளக்கை மாட்டிப் பார்த்தேன். சிவப்பு வடிந்திருந்தது. அன்றிலிருந்து வலது மூக்குக்கும் சொட்டை நிறுத்தினோம். திரும்பவும் சில மோசமான இரவுகள். ஆனால் இந்த முறை அவருக்கு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையை எந்த மருந்துக்கடையிலும் வாங்க முடியாது.

பெருநாள் முடிந்த வாரம் சம்மாட்டியே அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூக்குச் சொட்டுப் புட்டி. கெட்டவர் இல்லை. தொழில் நிற்கிறதே என்ற தவிப்பு அவருக்கு. "டாக்டரம்மா, இதுல ரெண்டு சொட்டு விட்டா அஞ்சு நிமிசத்துல தொறந்துரும். நான் எத்தன வருசமாப் பாக்கேன்" என்றார்.

"தொறக்கும் அண்ணாச்சி. கீழ போயி எப்ப மூடும்னு சொல்லுங்க, சீட்டுல எழுதித் தாரேன்."

நான் மீரானின் காதில் கருவியை வைத்து, மூக்கைப் பிடித்து ஊதச் சொன்னேன். இடது செவிப்பறை நன்றாக அசைந்தது. வலது பக்கம் ரத்தம் கரைந்து பளபளப்பு வந்திருந்தது, ஆனால் அசைவு மந்தமாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்றேன். சம்மாட்டி எழுந்துவிட்டார். "அப்ப நான் வேற ஆளப் பாக்கேன்" என்றார். நான் சொன்ன ஒரு வாரத்துக்கு ஒரு மனிதனின் பிழைப்பு விலை. என் வாயிலிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததோடு சரி.

மீரான்தான் பேசினார். "பாருங்க அண்ணாச்சி. அந்தப் புட்டியோட எறங்குற ஆளு வேணும்னா அவனக் கூட்டிட்டுப் போங்க. மேல வரயில ஓஸப் புடிச்சு இழுக்கவும் ஒரு ஆள வச்சுக்கிடுங்க. நான் அடுத்த வாரம் வாரேன். அது இல்லாம எறங்குவேன்."

சம்மாட்டி புட்டியைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு, "ஒரு வாரம்தாம்லே. அதுக்கு மேல கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் முடிந்து பார்த்தபோது வலது செவிப்பறையும் நன்றாக அசைந்தது. கேட்கும் திறனையும் சோதித்தேன், பழுதில்லை. தலைசுற்றல் இல்லை. இறங்கலாம் என்றேன். ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். முதல் பாகம் ஆழத்திலேயே, அதாவது ஆறடியிலேயே, காது திறக்காவிட்டால் அன்றைக்கு மேலே வந்துவிட வேண்டும். அடித்துப் பிடித்து இறங்கக் கூடாது. மீரான் தலையாட்டினார். சங்கு குளிக்கிற ஆள்கள் தலையாட்டுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் மாலை ஃபோன் வந்தது. "டாக்டரம்மா, வலது காது தொறக்கல. ரெண்டு தடவ ஊதிப் பாத்தேன். மேல வந்துட்டேன். செட்டுல எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. வெறுங்கையோட வள்ளத்துல ஏறி உக்காந்துட்டேன்."

"சொட்டு?"

"வள்ளத்துல கெடந்துச்சு. தொடல. நாளைக்குத் திரும்பப் போறேன்."

கடலில் ஒரு குளியாளி எல்லோர் முன்னாலும் வெறுங்கையோடு மேலே வருவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். எனக்குக் கண் கலங்கியது. மறைக்க ஒன்றும் இல்லை, ஆமினாவுக்கு நானே ஃபோன் போட்டுச் சொன்னேன், "உன் வீட்டுக்காரர் நல்லபடியா மேல வந்துட்டார்" என்று.

மறுநாள் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஃபோனையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளி ஒருவர், "என்ன மேடம், வீட்ல யாருக்கும் முடியலையா?" என்று கேட்கிற அளவுக்கு. வரிசை முடிந்து விளக்கைக் கழற்றும்போது மணி அடித்தது. பின்னணியில் காற்று இரைந்தது, யாரோ சத்தமாகச் சிரித்தார்கள்.

"டாக்டரம்மா, தரையத் தொட்டுட்டேன்."

"மேல வரயில?"

"ரெண்டு காதும் நல்லா இருக்கு."

"தல சுத்துச்சா? ரத்தம் வந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல. மூக்கே இருக்கான்னு தெரியல."

"சந்தோசம். ராத்திரி மருந்து அடிங்க."

"அதான் நல்லா இருக்கே டாக்டரம்மா?"

"அதுக்குத்தான் அடிக்கச் சொல்லுதேன்."

மீரான், "அடிக்கேன்" என்றார்.